லோடு ஏத்தாம ஓட்டிப்பாக்குற லோடு வண்டி

மக்களே, சரக்கு வண்டி வாங்கப் போறவங்களுக்கு நம்ம ஊர் ஷோரூம்ல ஒரு டெஸ்ட் டிரைவ் குடுப்பாங்க, பாத்திருக்கீங்களா? காலி வண்டி. வாசல்ல இருந்து கிளம்பி பைபாஸ்ல ரெண்டு கிலோமீட்டர், ஒரு யூ-டர்ன், திரும்ப வாசல். பக்கத்துல ஒரு சேல்ஸ் தம்பி உக்காந்துகிட்டு "பிக்கப் எப்படி இருக்கு பாத்தீங்களாண்ணா"ம்பாரு. அவ்வளவுதான், முடிஞ்சது. இதை நம்பி ஒரு மனுஷன் பத்து லட்சத்தை ஒட்டுன தொகைக்கு கையெழுத்து போடணும். இந்த சடங்கை நிறுத்திட்டு, ஏத்த வேண்டிய எடையை ஏத்தி, ஓட வேண்டிய ரோட்டுல ஓட்டிப்பாக்க விடணும்ங்கறதுதான் இந்த பதிவோட மொத்த மேட்டரும். மத்ததெல்லாம் விளக்கவுரை. ஆணி கம்மியா இருக்கறவங்க தொடர்ந்து படிங்க :-)

நான் படிச்சது மெக்கானிக்கல். பெங்களூர்ல உக்காந்து புடுங்கறது ஜாவா ஆணி. (நம்ம செட்ல பாதிப்பேர் கதை இதுதானே, விடுங்க.) எங்க ஆபீஸ்ல ஒரு சாதாரண லாகின் பக்கத்தை வெளிய விடறதுக்கு முன்னாடிகூட "லோட் டெஸ்ட் பண்ணியாச்சா"ன்னு மேனேஜர் கேப்பாரு. ஒரே நேரத்துல அஞ்சாயிரம் பேர் உள்ள வந்தா தாங்குமா, இல்ல படுத்துக்குமான்னு பாக்கறது. அதுல பேர்தான் லோடு, உண்மையில அரைக்கிலோ எடைகூட கிடையாது. ஆனா நிஜமாவே எடை தூக்கறதுக்குன்னே செஞ்ச ஒரு வண்டியை, எடையே இல்லாம ஓட்டிக்காட்டி வித்துடறாங்க. வாங்கறவங்களும் கேக்கறதில்ல. நல்லா இருக்குங்க நியாயம்.

கார் வாங்கறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு. கார் டெஸ்ட் டிரைவ்ல நீங்க எப்படி ஓட்டறீங்களோ அப்படித்தான் வாழ்க்கை பூரா ஓட்டப் போறீங்க. மிஞ்சிப்போனா நாலு பேர், ரெண்டு சூட்கேஸ். பிக்கப் அப்படி இல்ல. ஒரு உதாரணத்துக்கு 1,600 கிலோ காலி எடை, 1,300 கிலோ சரக்கு ஏத்தலாம்னு சொல்ற ஒரு பிக்கப்பை எடுத்துக்குங்க. மொத்தம் 2,900 கிலோ. அதாவது சரக்கு ஏத்துன வண்டியோட எடையில கிட்டத்தட்ட பாதி சரக்கு. காலி வண்டியை ஓட்டிட்டு "சூப்பரா போகுது"ன்னு சொல்றது, பாதி வண்டியை மட்டும் ஓட்டிட்டு சொல்ற தீர்ப்பு. மீதி பாதி உங்க மண்டிலயோ தோட்டத்துலயோ காத்துகிட்டு இருக்கு.

எனக்கு ஏன் இந்த வேண்டாத வேலைன்னு கேக்கறீங்களா? அக்கா வீட்டுக்காரர். மாமாவுக்கு சேந்தமங்கலம் பக்கம். கொல்லிமலைல இருந்து வாழைத்தார், அன்னாசி, சீசன்ல பலாப்பழம், கொஞ்சம் மிளகுன்னு வாங்கி கீழ கொண்டுவந்து நாமக்கல், சேலம் மண்டிக்கு போடறவரு. இதுவரைக்கும் எல்லாமே வாடகை வண்டி. அவசரத்துக்கு வண்டி கெடைக்காம தார் பழுத்து நட்டமான கதையெல்லாம் அவர்கிட்ட நிறைய இருக்கு. "சொந்தமா ஒண்ணு இருந்தா போதும் மாப்ள"ன்னு நாலஞ்சு வருஷமா சொல்லிகிட்டே இருந்தவரு, இந்த வருஷம் முடிவு பண்ணிட்டாரு. முன்பணத்துக்கு அக்காவோட நகை அடகுக்குப் போயிருக்கு. மீதி கடன். 8 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 5 வருஷம்னு போட்டா மாசம் சுமார் 17,400 ரூபாய் தவணை. கூட்டிப்பாத்தா 10 லட்சத்து 44 ஆயிரம். 2025 செப்டம்பர் 22ல சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சதுல கொஞ்சம் ஆறுதல், ஆனா தவணை தவணைதான். வண்டி ஒரு வாரம் ஒர்க் ஷாப்புல படுத்தா தவணையும் படுத்துக்காது. நமக்கெல்லாம் கார் பிடிக்கலைன்னா ஒரு சலிப்பு, அவ்வளவுதான். அங்க அது சோறு.

முதல் ஷோரூம் (ஊரும் பேரும் வேண்டாம்). மாமா, நான், ஒரு சேல்ஸ் தம்பி. தம்பி நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன். டீ வாங்கிக் குடுத்தாரு. காலி வண்டில பைபாஸ் சவாரி முடிஞ்சதும் நான் கேட்டேன், "தம்பி, லோடு ஏத்தி ஓட்டிப்பாக்கணுமே?" அவரு என்னை ஏதோ கல்யாண வீட்டுல வந்து கருமாதி எப்பன்னு கேட்டவனைப் பாக்கற மாதிரி பாத்தாரு.

"அதெல்லாம் யாரும் கேக்கறதில்லைங்ண்ணா. டெமோ வண்டில லோடு ஏத்துனா இன்சூரன்ஸ் பிரச்சனை வரும்."

"அப்ப லோடோட எப்படி போகும்னு நாங்க எப்படி தெரிஞ்சுக்கறது?"

"ஏனுங்ண்ணா சந்தேகம்? பேப்பர்லதான் 1.3 டன்னு போட்டிருக்கு. நீங்க 2 டன் தாராளமா ஏத்தலாம். எல்லாரும் ஏத்தறாங்க."

இந்த கடைசி வரியைத்தான் நான் கெட்டியா புடிச்சுக்கறேன். இன்சூரன்ஸ் பிரச்சனைன்னு 1.3 டன்னை ஏத்திக்காட்ட மாட்டாராம். ஆனா 2 டன் ஏத்தலாம்னு வாயால உத்தரவாதம் குடுப்பாராம். சாஃப்ட்வேர் கம்பெனில இந்த மாதிரி பேசுற ஆளுக்கு ஒரு பேர் உண்டு, ப்ரீ-சேல்ஸ் :-)

ஆனா சிரிக்கற விஷயம் இல்ல இது. 2019ல மோட்டார் வாகன சட்டத்தை திருத்துனப்ப 194வது பிரிவுல அளவுக்கு மீறி எடை ஏத்துனா 20,000 ரூபாய் அபராதம், அதுக்கு மேல கூடுதலா இருக்கற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000ன்னு போட்டாங்க. அதிகப்படி சரக்கை இறக்கறதுக்கான செலவும் வண்டிக்காரன் தலைலதான். தவணையைவிட அபராதம் ஜாஸ்தி. அந்த தம்பி வந்து கட்டுவாரா?

அபராதத்தை விடுங்க. மலை இருக்கே. கொல்லிமலைக்கு காரவள்ளி அடிவாரத்துல இருந்து ஏறுனா மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. பைக்ல போறவங்களுக்கு அது சுற்றுலா, போட்டோ, ஸ்டேட்டஸ். சரக்கோட இறங்கறவங்களுக்கு அது ஒரு வெப்பக் கணக்கு. மெக்கானிக்கல் படிச்ச பாவத்துக்கு அதை போட்டுப்பாத்தேன். சுமாரா ஆயிரம் மீட்டர் இறக்கம்னு வச்சுக்குங்க. எடை பெருக்கல் 9.8 பெருக்கல் உயரம், பள்ளிக்கூட பார்முலாதான். காலி வண்டி 1,600 கிலோ இறங்கும்போது கிட்டத்தட்ட 16 மெகாஜூல் எங்கயாச்சும் செலவாகணும். 50 லிட்டர் தண்ணியை கொதிக்கற நிலைக்கு கொண்டுவர்ற சூடு அது. 1,300 கிலோ ஏத்தி 2,900 ஆக்குனா 28 மெகாஜூல், 90 லிட்டர். அந்த தம்பி சொன்ன 2 டன்னை ஏத்தி 3,600 ஆக்குனா 35 மெகாஜூல், 112 லிட்டர். அதே பிரேக், அதே டிரம், அதே லைனர். காத்தும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கும், சின்ன கியர்ல இறங்குனா இன்ஜினும் ஒரு பங்கு வாங்கிக்கும். மீதி பூரா நாலு சக்கரத்து பிரேக்குக்குள்ளதான் போயாகணும், வேற போக்கிடம் இல்ல. சூடு ஏற ஏற லைனர் பிடிப்பு குறையும், பெடல் அமுங்கும், வண்டி நிக்காது. 30வது வளைவுல இது தெரியவந்தா மீதியை எப்படி இறங்குவீங்க?

பைபாஸ்ல ரெண்டு கிலோமீட்டர் காலி வண்டி ஓட்டுனா இதுல எது தெரியும் சொல்லுங்க?

இன்னொரு பெரிய காமெடி, காலி வண்டி டெஸ்ட் டிரைவ் ஒண்ணும் தெரியாம விடறது மட்டும் இல்ல, தப்பாவும் சொல்லும். ஸ்பிரிங் பட்டையை எடுத்துக்குங்க. பிக்கப்போட பின்பக்க பட்டை எடை ஏறுனப்ப வேலை செய்யறதுக்குன்னு செஞ்சது. காலியா ஓட்டுனா கல்லு மாதிரி இருக்கும், ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் பின்னாடி குதிக்கும். உடனே வாங்க வந்தவரு "என்னங்க இது, இப்படி தூக்கிப்போடுது"ன்னு முகம் சுளிப்பாரு. பக்கத்து ஷோரூம்ல பட்டை மெதுவா இருக்கற வண்டி காலியா கார் மாதிரி போகும், அது பிடிச்சுப்போயிடும். அதே வண்டில ஒரு டன்னை ஏத்துனா பின்னாடி உக்காந்துக்கும், மூக்கு மேல தூக்கும். முன்சக்கரத்துல எடை குறைஞ்சா ஸ்டியரிங் லேசாகி அலையும். ஹெட்லைட்டு ரோட்டைப் பாக்காம எதிர்ல வர்றவன் கண்ணைப் பாக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு மண்டிக்கு ஓடற வண்டிக்கு இது சாதாரண குறை இல்ல. ஆக, எது நல்ல வண்டியோ அது காலி டெஸ்ட் டிரைவ்ல ஃபெயில் ஆகவும் வாய்ப்பு உண்டு.

பிரேக்கும் இதே கதைதான். பல பிக்கப்புகள்ல பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவுல ஒரு கம்பியோட ஒரு வால்வு இருக்கும். சரக்கு ஏறி வண்டி தாழும்போது அந்த கம்பி அசைஞ்சு பின் சக்கர பிரேக்குக்கு அழுத்தத்தை கூட்டிவிடும். காலியா இருந்தா குறைச்சுவிடும், இல்லைன்னா பின் சக்கரம் லாக் ஆகி வண்டி சுத்திரும். நல்ல ஏற்பாடு. ஆனா காலி வண்டில நீங்க பிரேக் அடிச்சுப் பாத்ததும், சரக்கோட அடிக்கப்போறதும் ஒரே பிரேக் இல்லைன்னு அர்த்தம் ஆச்சா இல்லையா? வாங்கறதுக்கு முன்னாடி பாத்தது ஒண்ணு, வாங்குன பிறகு நம்பப்போறது இன்னொண்ணு.

சரி, முதல் ஷோரூம்காரர் முடியாதுன்னுட்டாரு. அந்த மாடலை விட்டுட்டோமா? இல்ல. மாமா ஒரு யோசனை சொன்னாரு, அவருக்கு நம்மளைவிட புத்தி ஜாஸ்தி. லோடு வண்டி ஸ்டாண்டுல அதே மாடல் ஓட்டற ஒரு பெரியவரை புடிச்சாரு. மேல செம்மேட்டுல ஒரு வீட்டு வேலைக்கு சிமெண்ட் மூட்டை ஏத்திகிட்டு போற நடை. வரும்போது மாமாவோட வாழைத்தார். அந்த ஒரு நடைக்கு வாடகை குடுத்துட்டு மாமா அவரு பக்கத்து சீட்டுல உக்காந்துட்டாரு. என் கணக்குல அதுதான் உண்மையான டெஸ்ட் டிரைவ். சேல்ஸ் பேச்சு இல்ல, ஏசி ரூம் இல்ல, ஓடற ரோட்டுல ஓடற சரக்கு.

பெரியவர் வண்டியை ரொம்ப புகழ்ந்தாராம். "கண்ணு, ரெண்டு டன்னை ஏத்துனாலும் சத்தமில்லாம இழுக்கும்." (பாருங்க, இவரும் அதே ரெண்டு டன்!) ஆனா மாமா பேச்சை விட்டுட்டு கியரை கவனிச்சிருக்காரு. ஏத்தத்துல வளைவு திரும்புன உடனே ரெண்டாவது கியர்ல இன்ஜின் கத்துது, மூணாவது போட்டா மூச்சு வாங்குது. திரும்ப ரெண்டு, திரும்ப மூணு. மேல போய் சேர்றதுக்குள்ள பெரியவரோட இடது கால் கிளட்சுலயேதான் இருந்துச்சாம். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல பல் எண்ணிக்கைல இருக்கற இடைவெளி அந்த ஏத்தத்துக்கு அந்த எடையோட ஒத்துவரல. இது ஓட்டறவர் குத்தம் இல்ல, வண்டியோட அமைப்பு. சமவெளில ஓட்டறவங்களுக்கு இது தெரியவே தெரியாது, அவங்களுக்கு அது அருமையான வண்டியாவே இருக்கலாம். இறங்கும்போது லைனர் காயற வாடையும் வந்துச்சுன்னு மாமா சொன்னாரு. அதை நான் கணக்குல எடுத்துக்கல. பெரியவர் மூணாவது கியர்ல பிரேக்கை நம்பி இறங்குனதுக்கு வண்டி என்ன பண்ணும்?

ரெண்டாவது ஷோரூம். இங்க மேனேஜரே கொஞ்சம் வயசானவரு, லாரி பட்டறைல இருந்து வந்தவரு மாதிரி பேச்சு. நாமக்கல் சுத்துவட்டாரத்துல இது ஒரு வசதி, பாடி கட்டறவங்க, டேங்கர் ஓனர், லாரி மெக்கானிக்னு வண்டியோட வண்டியா வாழ்ந்தவங்க நெறைய. மாமா அவர்கிட்ட நேரா சொன்னாரு, "ஏனுங்க, பத்து வண்டி வாங்கற ஓனர் கேட்டா டெமோ வண்டியை வாரக்கணக்குல குடுத்து டீசல் கணக்கு பாக்க விடறீங்க. ஒத்தை வண்டி வாங்கறவன்தான் உள்ளதை எல்லாம் வச்சு வாங்கறான். அவனுக்கு ஒரு மணி நேரம் குடுக்கக்கூடாதுங்களா?"

எனக்கு இந்த பதிவே தேவையில்லாம போச்சு, அவரே ஒரே மூச்சுல சொல்லிட்டாரு. பத்து வண்டி ஓனருக்கு ஒரு வண்டி சொதப்புனா மீதி ஒம்பது ஓடும்.

மேனேஜர் கொஞ்ச நேரம் யோசிச்சாரு. இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்துப் பாத்தாரு. யாருக்கோ போன் போட்டாரு. அப்புறம், "எழுதுன எடைக்கு ஒரு கிலோ மேல போகக்கூடாது, எங்க ஆள் கூட வருவாரு, எடை மேடைல போட்டு சீட்டு வாங்கிட்டுத்தான் மலைப்பக்கம் போகணும்"னாரு. மூணுமே நியாயமான நிபந்தனை. இன்சூரன்ஸ் பயம் பொய்யில்ல, ஆனா அதுக்கு பதில் கதவைச் சாத்தறது இல்லைங்கறதுக்கு இதுவே சாட்சி.

நாமக்கல்ல எடைக்கு பஞ்சமா? மாமாவோட சிநேகிதர் கோழிப்பண்ணைல தீவன மூட்டை, ஒண்ணு 50 கிலோ. இருபது மூட்டை கேட்டு வாங்கி அடுக்குனோம், ஆயிரம் கிலோ. எடை மேடைல ஆள் ரெண்டு பேரோட சேத்து 2,740 காட்டுச்சு. கேபின்ல இடம் இல்லாததால நான் மாமாவோட பைக்ல பின்னாடியே போனேன். பெங்களூர் டிராஃபிக்ல பழகுன உடம்புக்கு அந்த காத்து தனி சுகம், அதைப்பத்தி இன்னொரு நாள். பின்னாடி போனதுல ஒரு லாபம், வண்டி எவ்வளவு உக்காருது, வளைவுல எந்தப்பக்கம் சாயுதுன்னு உள்ள இருக்கறவங்களுக்கு தெரியாதது எனக்கு தெரிஞ்சுது.

இதே வண்டியைத்தான் காலியா ஓட்டுனப்ப மாமா "இடுப்பு போயிடும் போலிருக்கு மாப்ள"ன்னு ஒதுக்கி வச்சிருந்தாரு. ஆயிரம் கிலோ ஏறுனதும் அடங்கி ஒடுங்கி போகுது. குதிக்கல. மூக்கு தூக்கல. காரவள்ளி தாண்டி முதல் பத்து வளைவுதான் போனோம், எழுபதுக்கும் நேரம் இல்ல. ஆனா அதுல வேணும்னே ஒரு காரியம் பண்ணாரு மாமா. ஒரு வளைவுக்கு நடுவுல, மேல இருந்து பஸ் வந்ததும், ஒதுங்கி வண்டியை நிறுத்திட்டாரு. அந்த மேட்டுல முழு எடையோட திரும்ப எடுக்கணும். கை பிரேக்கை மெதுவா விட்டு, ஹாஃப் கிளட்ச்ல, பின்னாடி ஒரு அடி உருளாம எடுத்தாரு. பைக்ல பின்னாடி நின்னுகிட்டிருந்த எனக்குத்தான் உசுரு போயி உசுரு வந்துச்சு :-) கிளட்ச் வாடை வரல. இறங்கும்போது ரெண்டாவது கியர்லயே விட்டாரு, பிரேக் லைட்டு வளைவுக்கு வளைவு ஒரு தடவை மட்டும் மினுக்குச்சு. கீழ வந்து சக்கரத்துக்கிட்ட கையைக் கொண்டுபோனோம், சூடு இருந்துச்சு, பயப்படற சூடு இல்ல.

நடுவுல ஒரு லைசென்ஸ் பஞ்சாயத்தும் வந்துச்சு. மாமாகிட்ட இருக்கறது சாதாரண எல்எம்வி. சரக்கு வண்டிக்கு தனியா பேட்ஜ் வேணுமே, நீங்க ஓட்டக்கூடாதேன்னு கூட வந்த பையன் இழுத்தாரு. 2017லயே உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புல இதை தெளிவுபடுத்திருச்சு, அப்புறம் சந்தேகம் கிளம்பி 2024 நவம்பர் 6ல அஞ்சு நீதிபதிகள் அமர்வு அதையே உறுதி பண்ணுச்சு: மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை எல்எம்வி லைசென்ஸ் வச்சே ஓட்டலாம். போன்ல செய்தியை எடுத்துக் காட்டுனதும் சாவியைக் குடுத்துட்டாரு. வண்டி விக்கற இடத்துலயே இது தெரியலைங்கறது வருத்தம். அதேமாதிரி மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் எடுக்க வேண்டியதில்லைன்னு சட்டத்துலயே இருக்கு, அதையும் நாம கேட்டாத்தான் சொல்றாங்க.

இனி எதிர்க்கேள்விக்கு வருவோம். எங்க ஊர்லயே நாலு பேர் கேட்டாங்க. "2005ல குட்டி யானை வந்த காலத்துல இருந்து எங்கப்பா இப்படித்தான் வாங்குனாரு, என்ன கெட்டுப்போச்சு?" 2005ல டாடா ஏஸ் வந்தப்ப அதுக்கு போட்டியா இருந்தது மூணு சக்கர வண்டி. ஒப்பிட வேற ஒண்ணும் இல்ல, எதை எடுத்தாலும் அதைவிட மேல். 2011ல ஓசூர்ல இருந்து லேலண்ட் தோஸ்த் வந்தது, மஹிந்திரா பிக்கப் இருக்கு, இப்ப டீசல், பெட்ரோல், சிஎன்ஜி, பேட்டரின்னு ஏகப்பட்ட ரகம். ஒவ்வொண்ணும் ஒரு வேலைக்கு பொருந்தும், இன்னொண்ணுக்கு பொருந்தாது. எங்கப்பா காலத்துல ஒரே துணிக்கடை, இப்ப ஒம்பது. போட்டுப் பாக்காம எடுப்பீங்களா?

"ஓடற வண்டிக்காரன்கிட்ட கேட்டா தெரிஞ்சிடுமே"ன்னு இன்னொருத்தர். கேக்கலாம், கேக்கவும் வேணும். ஆனா ஸ்டாண்டுல கெடைக்கற பதில்ல பாதி ரெண்டு டன் கணக்குல வரும். அவரு எழுதுன எடைல ஓட்டிப் பாத்ததே கிடையாது. அதுல ஒரு வண்டி "நல்ல வண்டி"ன்னா, விதியை மீறறதுக்கு வசதியான வண்டின்னுதான் அர்த்தம். எனக்கு இந்த லோடு டெஸ்ட் டிரைவ் மேல இருக்கற ஆசைக்கு உண்மையான காரணமே இதுதான். எடை மேடைல நிறுத்தி சீட்டு வாங்கும்போது, விக்கறவரும் வாங்கறவரும் அந்த நம்பரை கண்ணால பாத்தே ஆகணும். அதுக்கப்புறம் "பேப்பர்லதான் அண்ணா"ன்னு யாரும் சொல்ல முடியாது. காலி வண்டியைக் காட்டி விக்கற வரைக்கும்தான் அந்த ரெண்டு டன் கதை செல்லும். வண்டில ஒண்ணுமே ஏத்தலைன்னா வாயில எவ்வளவு வேணா ஏத்தலாமே!

மூணாவதா ஒரு நியாயமான வாதம். சின்ன ஷோரூமுக்கு இதெல்லாம் செலவுங்க, ஆளுக்கு ஆள் மூட்டை ஏத்தி மலைக்கு அனுப்ப முடியுமான்னு. மலைக்கு வேண்டாம். பின்னாடி யார்டுல நிரந்தரமா இருபது மணல் மூட்டை, ஊருக்கு வெளிய ஒரு மேடு, பக்கத்து எடை மேடை. முன்பணம் கட்டற அளவுக்கு வந்தவங்களுக்கு மட்டும் குடுத்தா போதும், வேடிக்கை பாக்க வர்றவங்களுக்கு வேண்டாம். மாமா டீசலுக்கு காசு குடுக்கறேன்னுதான் சொன்னாரு, மேனேஜர்தான் வாங்கல. பத்து லட்ச ரூபாய் வியாபாரத்துல இந்த ஒரு மணி நேரம் கட்டுபடியாகாதுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்.

வண்டி புக் பண்ணியாச்சு. ரெண்டாவது ஷோரூம்தான், சொல்லணுமா. விலை பத்தாயிரம் ஜாஸ்தி, மாமா கவலைப்படல. இப்ப அடுத்த சண்டை பாடில. பக்கவாட்டுல இரும்பு உயர்த்தி, மேல தார்ப்பாய் போட கம்பி வளைச்சு கட்டணும்னு அவரு ஆசை. அந்த இரும்போட எடை, டிரைவர், கூட போற ஆள் எல்லாமே அந்த 1,300லதான் கழியும்னு நான் பேப்பர்ல கணக்கு போட்டு வாட்ஸப்புல அனுப்பிருக்கேன். "வாழைத்தாரை உங்கக்காவையா தலைல சுமந்துட்டு வரச் சொல்ற"ன்னு பதில் வந்திருக்கு. லேசான பாடி நல்லா கட்டற பட்டறை நாமக்கல்ல எதுன்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க, புண்ணியமா போகும்.

டிஸ்கி: ரெண்டு வண்டியோட பேரையும் கேட்டு தனிமடல் வேண்டாம் அப்பு, சொல்ல மாட்டேன். மலைக்கு ஒத்துவராதது உங்க ஊர் சமவெளிக்கு ஜம்முன்னு ஒத்துவரலாம். மூட்டையை ஏத்தி நீங்களே ஓட்டிப்பாருங்க :-)